மூன்று மில்லிமீற்றர்

"தங்கச்சி, அந்தக் கதவைச் சாத்திவிடுங்கோ. தூசி மேலே போச்சுதெண்டால் ஆச்சி என்னை இந்த வீட்டுப் பக்கம் அண்டவிடமாட்டா."

சாத்தினேன். அண்ணை முகமூடியை மூக்கின்மேல் அழுத்திக்கொண்டு ஜக்ஹாமரைத் தூக்கினார். அடுத்த இருபது நிமிடத்துக்கு அந்த பேஸ்மென்றில் பேச்சுக்கு இடமில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய சின்ன வீடு அது. ஏப்ரல் மாதம், வெளியே பனி உருகி மண் சொதசொதவென்று கிடந்தது. உள்ளே வடக்குச் சுவரில், கணுக்கால் உயரத்தில், உவர் பூத்து ஒரு கோடு. "போன வருசத்துக்கு முந்தின வருசம், யூலை" என்று அதைத் தடவிக் காட்டியிருந்தா ஆச்சி. 2024 யூலை 16ஆம் திகதி பியர்சன் விமானநிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை பெய்தது. எங்கள் வீட்டுக்குள்ளும் அன்றுதான் தண்ணீர் வந்தது. அம்மாவின் கடிதங்கள் இருந்த சூட்கேசைத் தரையிலிருந்து தூக்கியபோது அடியால் நீல மை வடிந்தது. பிறகு வந்து பார்த்த இதே அண்ணை, எவ்வளவு தண்ணீர் என்று கேட்கவில்லை. "எங்காலை வந்தது?" என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு தொழிலே இருக்கிறதென்று பட்டதால், அடுத்த வேலைக்கு என்னையும் கூட்டிப்போங்கள் என்று கேட்டு வந்திருந்தேன்.

தண்ணீர் மூன்று வழியால் வரும் என்பது அவருடைய கணக்கு. ஜன்னலாலும் சுவர் வெடிப்பாலும் வருவது முதலாவது, கண்ணுக்குத் தெரியும். கழிவுநீர்க் குழாய் நிரம்பித் தரை வடிகாலால் பொங்குவது இரண்டாவது, மணம் சொல்லிவிடும். மூன்றாவதுதான் கள்ளன். மழையில் ஊறிய மண் வீட்டைச் சுற்றி நின்று நெருக்க, சுவரும் தரையும் சேருகிற மூலையால் சத்தமில்லாமல் கசிந்து வரும்.

இந்தக் கள்ளனுக்காகத்தான் அத்திவாரத்தைச் சுற்றி ஒரு வடிகுழாய் புதைப்பார்கள். வீப்பிங் ரைல் என்று பெயர். அந்தக் காலத்தில் ஓரடி நீளமான சுடுமண் குழாய்களை மெல்லிய இடைவெளி விட்டு வரிசையாக வைத்தார்கள். மண்ணிலுள்ள நீர் அந்த இடைவெளியால் உள்ளே இறங்கும். இப்போது துளையிட்ட பிளாஸ்ரிக் குழாய்தான். ஆனாலும் ஓட்டின் பெயர் ஒட்டிக்கொண்டு விட்டது. இந்த வயதுள்ள பல வீடுகளில் அந்தக் குழாயைக் கொண்டுபோய்த் தெருக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிட்டார்கள். சாதாரண மழைக்குக் காணும். பெருமழையில் தெருக் குழாயே நிரம்பி வீட்டுக்குள் திரும்பும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு பூட்டுகிறார்கள். தெருத் தண்ணீர் திரும்பும்போது அது தானாக மூடிக்கொள்ளும்.

"வாசலைப் பூட்டியாச்சு, சரி" என்றார் அண்ணை. "உள்ளுக்கு நிக்கிறவர் எங்காலை போறது?"

அவருக்காகத்தான் இப்போது தோண்டுகிற இந்தக் குழி. சம்ப் என்பார்கள். வடிகுழாயைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து துண்டித்துக் குழிக்குள் திருப்பிவிட வேண்டும். குழியில் சேருவதைப் பம்ப் எடுத்து முற்றத்தில் கொட்டும். அண்ணை இந்த வேலைக்கு வந்தது 2005 ஓகஸ்ற் மழைக்குப் பிறகு. ஃபின்ச் வீதியே ஓரிடத்தில் அறுந்து ஆற்றோடு போன மழை அது. பிறகு 2013 யூலை, பியர்சனில் 126 மில்லிமீற்றர். இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வருசத்தை மழையால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கொங்கிரீற் நாலு அங்குலம். அதன்கீழ் கொஞ்சம் சல்லி. பிறகு சாம்பல் நிறக் களி, மண்வெட்டியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் களி. உடைக்கும் இடத்தில் நீர் தெளித்துக்கொண்டே இருந்தான் உதவிக்கு வந்த பையன். கொங்கிரீற் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. பத்து வருசத்துக்கு முதல் தானே முகமூடி இல்லாமல் வேலை செய்தவர் என்பதை அண்ணை இருமலோடுதான் சொன்னார். தோண்டிய மண்ணைப் பையன் வாளி வாளியாகப் படியேற்றினான். பதின்மூன்று படி. நான் எண்ணியது 27 வாளி. பம்பின் விலையைக் கடையில் பார்த்து "இதுக்கோ இவ்வளவு காசு?" என்று கேட்கிறவர்கள் இந்தப் படிகளை எண்ணுவதில்லை.

பையன் சென்னையிலிருந்து படிக்க வந்தவன். படிப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 24 மணிநேரம்தான் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யலாம். தொட்டியைக் குழிக்குள் இறக்கும்போது சிரித்தான். கறுப்புப் பிளாஸ்ரிக், 18 அங்குல அகலம், பக்கமெல்லாம் துளை.

"எங்க ஊர்ல சம்ப்னா தண்ணியப் புடிச்சு வெக்கிற தொட்டி அண்ணா. லாரி வந்தா மூடியத் தொறந்து ரொப்புவோம். ரொம்பியிருந்தா அம்மாவுக்கு அன்னிக்கு சந்தோஷம்."

"இஞ்சை நிரம்பினால் ஆச்சி அழுவா" என்றார் அண்ணை.

தொட்டியைச் சுற்றிக் கழுவிய முக்கால் அங்குலச் சல்லி கொட்டினார்கள். தொட்டிக்குள் இரண்டு வாளிக் கல்லையும் இறக்கி வைத்தார்கள். சுற்றிப் பூசிய கொங்கிரீற் இறுகுமுன் கீழே நீர் ஊறினால் வெறும் தொட்டி தோணிபோல மிதந்து எழும்பிவிடுமாம். அத்துடன் முதல்நாள் வேலை முடிந்தது.

மறுநாள் காலை பம்ப். மூன்றில் ஒரு பங்கு குதிரை வலு. பத்தடி உயரத்துக்கு நிமிடத்தில் நூறு லீற்றருக்கு மேல் தள்ளும். சேறு இழுக்காமல் இருக்க ஒரு தட்டைக் கல்லின்மேல் அதை நிறுத்தினார். பக்கத்தில் மிதவை. நீர் ஏறினால் மிதவை ஏறி ஆளியைப் போடும். நீர் இறங்கினால் அணைக்கும். மிதவை தொட்டிச் சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று கையால் நாலைந்து தரம் தூக்கி இறக்கிப் பார்த்தார். பம்ப் பழுதாவதைவிட மிதவை சிக்கி வீட்டுக்குள் வெள்ளம் வந்ததைத்தான் கூடக் கண்டிருக்கிறாராம். பம்பிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் மேலே போகிறது. அதில் ஒரு தடுப்பு வால்வு. மேலேறிய நீர் பம்ப் நின்றதும் திரும்பி விழாமல் பிடித்துவைக்க.

அப்போதுதான் பையனிடம் துளைக்கருவியைக் கொடுத்தார். "பம்புக்கு மேலை, வால்வுக்குக் கீழை. மூண்டு மில்லிமீற்றர். கீழ்நோக்கிச் சரிச்சுப் போடு."

"புதுப் பைப்ல ஓட்டையா அண்ணா?"

"ஓமடா. போடு."

அண்ணை வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்த வீட்டுப் பிள்ளை. கிணற்றில் குழாய் இறக்கி மெசினால் இறைத்தவர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் இல்லாமல் போக, மெசினை மூடிவைத்துவிட்டுத் துலா மிதித்தவர்கள். "அங்கை உறிஞ்சு குழாயிலை ஊசித் துளை இருந்தாலும் காத்து இழுக்கும், தண்ணி ஏறாது. சைக்கிள் ரியூப்பைக் கிழிச்சு இறுக்கிச் சுத்துவம். இஞ்சை நானே துளை போடுறன். முதல் தரம் போடேக்கை கை கூசினது."

ஏன் என்பதை ஒரு துண்டுக் குழாயையும் உள்ளங்கையையும் வைத்து விளக்கினார். கிணற்று மெசின் நீரை உறிஞ்சுகிறது. அதற்குக் காற்று எதிரி. இந்தப் பம்ப் நீருக்குள்ளேயே இருந்து தள்ளுகிறது. குழி வற்றும்போது அதன் வயிற்றில் காற்றுப் புகும். மேலே வால்வு, அதன்மேல் ஒரு குழாய் நிறைய நீரின் பாரம். அடுத்த மழைக்கு நீர் ஊறி வரும்போது அந்தக் காற்றுக்கு வெளியேற வழியில்லை. மோட்டார் சுற்றும், சத்தமும் கேட்கும், ஒரு சொட்டும் ஏறாது. அந்த மூன்று மில்லிமீற்றர் துளைதான் காற்று போகிற வாசல். சில பம்புகளில் தொழிற்சாலையிலேயே துளை விட்டிருப்பார்கள், இதில் இல்லை.

"பம்ப் ஓடேக்கை அதாலை தண்ணி பீச்சியடிக்கும். கனபேர் லீக் எண்டு நினைச்சு ரேப்பைச் சுத்தி அடைச்சுப்போடுவினம். பிறகு ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குப் போன் வரும்."

பையன் துளைத்தான். வெள்ளைத் துருவல் சுருண்டு விழுந்தது. அண்ணை விரல் நுனியால் பிசிறைத் தடவி எடுத்தார்.

பிறகு பக்கத்தில் ஒரு பற்றரியும் இரண்டாவது சின்னப் பம்பும் வைத்தார். ஆச்சியின் மகன் அது தேவையில்லாத செலவென்று தொலைபேசியில் வாதாடினார். அண்ணை 2013ஐச் சொன்னார். அன்றைய மழையோடு ஏறத்தாழ மூன்று லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. பம்ப் தேவைப்படுகிற நேரமும் கரண்ட் போகிற நேரமும் ஒன்று. மகன் அடங்கினார், நகராட்சி மானியத்துக்குப் படிவம் நிரப்புவதைப்பற்றிப் பேச்சுப் போனது. கூரைப் பீலிக் குழாயைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து முதலில் கழற்றியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. "மேலை இருந்து வாறதை விட்டிட்டுக் கீழை இருந்து வாறதை இறைச்சு என்ன பிரயோசனம்?" என்றார் அண்ணை.

கடைசியில் பரீட்சை. பையன் ஐந்தாவது வாளியை ஊற்றும்போது மிதவை தலை நிமிர்ந்தது. "டிக்." பம்ப் உறுமியது. துளையிலிருந்து நூல்போல ஒரு பீச்சல் தொட்டிக்குள் விழுந்தது. நீர் வடிந்து பம்ப் நின்றதும் குழாய்க்குள் "டொக்" என்று வால்வு மூடியது. அந்த "டொக்"கைக் கேட்ட பிறகுதான் அண்ணை தொட்டியை மூடினார்.

வெளியே போனோம். குழாய் சுவரைத் தாண்டி, அத்திவாரத்திலிருந்து இரண்டு மீற்றருக்கு அப்பால், பின்வளவுப் பக்கம் சரித்து விட்டிருந்தது. கிட்டே கொட்டினால் அதே நீர் மண்ணுக்குள் இறங்கித் திரும்பக் குழிக்கு வரும். பம்ப் நாள்முழுக்க ஒரே நீரைச் சுமக்கும். பக்கத்து வீட்டு வேலிப் பக்கம் போனாலோ சண்டை வரும்.

ஆச்சி சமையலறை ஜன்னலைத் திறந்தா. "மோனை, உந்தத் தண்ணியை என்ரை மிளகாய்ப் பாத்திக்கு விடேலாதே?"

"மே கடைசியிலைதானே ஆச்சி கண்டு நடுவியள். இப்ப அங்கை சேறு."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையனை இன்னொரு வாளி ஊற்றச் சொல்லிக் கூப்பிட்டார். குழாய் வாயால் நீர் வந்து வேலிப் பக்கம் திரும்பியபோது, சப்பாத்தின் குதியால் ஈர மண்ணில் ஒரு கோடு இழுத்தார். இரண்டடி தள்ளி இன்னொன்று. வேலிப் பக்கத்தை ஒரு மண்கட்டியால் அணைத்தார். நீர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கோட்டைப் பிடித்துப் பாத்தியை நோக்கி ஓடியது. ஊரில் மண்வெட்டியோடு நின்று தண்ணி மாறுகிறவர்கள் செய்வது அதுதான்.

சப்பாத்துச் சேற்றைப் படியில் தட்டிக்கொண்டே, "அடுத்த வீடு மார்க்கம் நகரிலை. வாறியளே, தங்கச்சி?" என்றார்.