ஓஷ்கோஷில் இரண்டு பழைய டியூப்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஓஷ்கோஷ் பெரிய ஊரல்ல. ஆனால் ஜூலைக் கடைசியில் அதன் விமானத் தளத்தில் கால் வைக்க இடமிருக்காது. வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் திருவிழா 1970 முதல் அங்கேதான். இறக்கைக்கு அடியிலேயே கூடாரம், அடுப்பு, காப்பி!

வானொலிக்காரியின் வாய் சும்மா இருக்குமா? ஒரு கூடாரத்துத் தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். யாரோ பாதியில் விட்ட விமானத்தை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாராம். அதோடு வந்த இரண்டு சக்கர டியூப்களை, நாலு பேரிடம் காட்டிக் கேட்கக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"காற்றடித்து ஒரு நாள் வைத்தேன், இறங்கவில்லை. தண்ணீரில் அமுக்கினேன், குமிழி இல்லை."

"பிறகென்ன, போடலாமே?"

மடிப்பை விரித்துக் காட்டினார். மயிரிழை வெடிப்புகள். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; ரப்பருக்கும் மூப்பு உண்டு என்பது எனக்குப் புதிதல்ல. ஓடிய டியூப் பெருத்துவிடும், புது டயருக்குள் திணித்தால் சுருக்கம் விழும், சுருங்கிய இடம் உரசித் தேயும் என்றார். அது நான் அறியாதது.

"காரென்றால் ஓரமாக நிறுத்தலாம். தரையிறங்கும்போது ஒரு சக்கரம் காற்றிழந்தால், விமானம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். என் பேத்திதான் முதல் பயணி."

மாலையில் மறுபடி அந்தப் பக்கம் போனேன். மேசையில் புது டியூப்கள் இரண்டு. பழையதை நாடாவாக வெட்டிக் கூடாரக் கம்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.