அப்பா வேலை பார்த்த அரண்மனை

ஆபீஸில் யாராவது ஐரோப்பா போய்விட்டு வந்தால், ஒரு வாரத்துக்கு அவர் ஸீட் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது உத்தமம். சாக்லெட் கொடுப்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஒரு சாக்லெட்டுக்கு ஆயிரத்து நானூறு போட்டோ பார்த்தாக வேண்டும். ஈஃபில் டவரின் உச்சியை இரண்டு விரலால் கிள்ளுவது மாதிரி ஒன்று. பிசா கோபுரம் விழுந்துவிடாமல் முட்டுக் கொடுப்பது மாதிரி ஒன்று. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் மொத்தம் 357 கண்ணாடிகள். அத்தனையிலும் இவர் முகம்தான்!

இந்தத் தொற்று ஆபீஸோடு நின்றால் பரவாயில்லை. வாட்ஸ்ஆப் வழியாக என் மனைவிக்கும் வந்துவிட்டது. "ஏங்க, நம்ம எப்போ?" என்றாள்.

தி.நகரில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். பத்து நாளில் ஆறு நாடு, மூன்று வேளையும் சைவச் சாப்பாடு, ஊறுகாய் உண்டு. தொகையைச் சொன்னார்கள். ஊறுகாயை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது.

"ஐரோப்பா வேண்டாம் விடுங்க. ஒரு அரண்மனையாவது காட்டுங்க" என்று இறங்கி வந்தாள் அவள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே சொன்னார்: "சேப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போடா. நான் முப்பது வருஷம் அரண்மனையிலதான் குமாஸ்தாவா இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புவார், சாயங்காலம் வருவார். "எங்கே வேலை?" என்று யாராவது கேட்டால் "பீச் பக்கம் கவர்மென்ட் ஆபீஸ்" என்பார். அரண்மனை என்ற வார்த்தை அவர் வாயில் அதுவரை வந்ததே இல்லை. கேட்டால், "ஃபைல் கட்டுக்கு நடுவுல உட்கார்ந்தவனுக்கு அது ஆபீஸ்தான்டா" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். மயிலாப்பூரிலிருந்து முதலில் சாந்தோம் தேவாலயம். இயேசுவின் நேரடிச் சீடரின் கல்லறை மேல் எழுந்த தேவாலயம் என்று உலகத்தில் மூன்றைத்தான் சொல்வார்கள். ரோமில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று, மூன்றாவது நம்ம சாந்தோம். இப்போது நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1896-ல் முடிந்தது. அசல் கோதிக் பாணி. இதற்கு விசா வேண்டாம், ஷேர் ஆட்டோ போதும். மனைவி பதினாறு போட்டோ எடுத்தாள். (சத்தியமாக எண்ணினேன்.)

பிறகு திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்கினோம். சேப்பாக்கம் என்றால் நமக்கெல்லாம் கிரிக்கெட்தான். ஸ்டேடியத்துக்குப் போகிற லட்சம் பேரில் எத்தனை பேர் அக்கம்பக்கத்தில் ஒரு அரண்மனை இருப்பதைப் பார்த்திருப்பார்கள்? அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் எழிலகம்தான் கண்ணில் படும். அரண்மனை அதன் முதுகுக்குப் பின்னால் புதுப்பெண் மாதிரி ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதைக் கட்டியவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. 1768 வாக்கில் முடிந்தது. கோட்டையை ஒட்டி இருந்தால் ஆங்கிலேயரின் பாதுகாப்பு கிடைக்கும் என்பது கணக்கு. கட்டட வேலைக்குப் பொறுப்பு பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி இன்ஜினீயர் என்று சொல்லப்படுகிறது. அதே பென்ஃபீல்டு நவாபுக்கு வட்டிக்குப் பணமும் கொடுத்தார்! வீடு கட்டுகிறவரே லோனும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஹவுஸிங் லோன் வாங்கிய நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நவாபின் கடன் ஊர் சிரித்து, கப்பல் ஏறி, 1785-ல் லண்டன் பார்லிமென்ட்டில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். 1801-ல் கர்நாடக ராஜ்ஜியமே கம்பெனி கைக்குப் போயிற்று. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ராஜா போய் ரெக்கார்டு ரூம் வந்தது.

அப்பாவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. அவர் சொன்னது வேறு சரித்திரம். "மே மாசம் வெளியில அனல் அடிக்கும். உள்ளே போனா ஜில்லுனு இருக்கும். சுவர் அவ்வளவு கனம். ஃபேனைத் தொங்கவிட்ட கம்பியே ரெண்டு ஆள் உயரம். மேலே புறா குடும்பம் நடத்தும், கீழே நாங்க. பாதி டபால்ல புறா முத்திரை இருக்கும்."

அவர் இருந்தது கலச மஹாலில். அந்தக் கலச மஹால்தான் 2012 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், நள்ளிரவில் தீப்பிடித்தது. மரக்கூரை எரிந்து உள்ளே விழுந்தது. அணைக்கப் போன தீயணைப்புத் துறையினரில் ஒருவர் உயிரையே கொடுத்தார். அப்பா அதற்கு நாலு வருஷம் முன்பே ரிடையர் ஆகிவிட்டார். மறுநாள் பேப்பரை இரண்டு தரம் படித்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே அவர் போனதில்லை.

லண்டன் பக்கம் விண்ட்ஸர் கோட்டையும் இப்படி எரிந்ததுதான், 1992-ல். ராஜாங்கம் என்ன செய்தது தெரியுமா? மறு வருஷமே பக்கிங்ஹாம் அரண்மனைக் கதவைத் திறந்து, டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டது. அந்த வசூல்தான் செலவில் பெரும்பகுதி. 1997-ல் கோட்டை தயார். அங்கே அரண்மனை எரிந்தபோது ஊருக்கே அது அரண்மனை என்று தெரிந்திருந்தது. இங்கே புகை வந்த பிறகுதான் பலருக்கு, 'அட, அது அரண்மனையா?' என்று தெரிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் நம்ம பொதுப்பணித் துறையையும் சும்மா சொல்லக் கூடாது. இடித்துத் தள்ளிவிட்டு எட்டு மாடி எழுப்பவில்லை. பொறுமையாகப் புதுப்பித்திருக்கிறார்கள். கலச மஹாலுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் குடிவந்தது. பக்கத்து ஹுமாயூன் மஹாலும் மறுபிறவி எடுத்தது.

வாசலில் இருந்த காவலரிடம் அப்பா, "நான் இங்கே முப்பத்தொரு வருஷம்..." என்று ஆரம்பித்தார். அவர் எழுந்து நின்று, "உள்ளே கோர்ட் நடக்குது ஐயா, வெளியில நின்னு எவ்வளவு நேரம் வேணா பாருங்க" என்றார்.

அப்பா பார்த்தார். செக்கச் சிவந்த சுவர், வெள்ளை வளைவுகள், மேலே நீலமாக வானம். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மேல் மாடியைக் காட்டி, "அந்த ரெண்டாவது ஜன்னல். அதுதான் என் ஸீட்" என்றார். கண்புரை ஆபரேஷன் ஆன கண். அதற்கே கலங்கியதா, வேறெதற்காவதா என்று நான் கேட்கவில்லை. "கும்பாபிஷேகம் பண்ணின கோயில் மாதிரி இருக்குடா."

மனைவி மெதுவாக அவர் பக்கத்தில் போய், "மாமா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றாள். அரண்மனை, ஜன்னல், அப்பா மூன்றும் ஒரே படத்தில். அந்த ஜன்னலைப் பார்த்தபடி அப்பா சிரிக்கிற போட்டோ இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

அடுத்து ராயப்பேட்டை அமீர் மஹால். ஆற்காடு இளவரசர் குடும்பம் வசிக்கிற வீடு, வெளியிலிருந்து கும்பிடு போட்டுவிட்டு வருவதாக உத்தேசம். நீங்களும் ஒன்று செய்யுங்கள், சார். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், "அப்பா, நீங்க வேலை பார்த்த கட்டடம் எது?" என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். யார் கண்டது, உங்களுக்கும் ஒரு அரண்மனை கிடைக்கலாம்!