அடிமுறை படிக்கும் பையன் ஜூடோவுக்கும் போகலாமா?

தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் அடிமுறை இன்னும் சாகவில்லை. வர்ம அடி, தெக்கன் களரி என்று பெயர் ஆளுக்கு ஆள் மாறும். சொல்லித் தருபவர் ஆசான். 2020 பொங்கலுக்கு 'பட்டாஸ்' வந்த பிறகு அடிமுறை என்ற பெயர் சென்னைப் பையன்களுக்கும் தெரிந்துவிட்டது. (அதற்கு முன்னால் வர்மம் என்றால் 1996-ல் வந்த 'இந்தியன்' தாத்தாவின் விரல் மட்டும்தான்!)

இப்படிச் சேரும் பையனுக்கு இரண்டு மாதத்தில் ஒரு சந்தேகம் வரும். காலையில் ஆசானிடம் சுவடு வைத்துப் பழகுகிறான். ராத்திரி மொபைலில் யுஎஃப்சி பார்க்கிறான். அங்கே பாதிச் சண்டை தரையில் நடக்கிறது. ஒருத்தன் இன்னொருத்தனைக் கட்டிப் பிடித்து, விழத்தட்டி, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. அந்த இடத்தில் சுவடு என்ன செய்யும்? பக்கத்து டவுனில் ஜூடோவோ குஸ்தியோ ஜியு-ஜிட்சுவோ இருந்தால் அதையும் சேர்த்துப் படித்தால் என்ன?

ஆசானிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "மக்கா, ரெண்டையும் போட்டுக் குழப்பாத. சுவடு கெட்டுப் போவும்."

பையனின் சந்தேகம் நியாயமானது. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. குத்துச்சண்டை, கராத்தே, சுமோ என்று பல கலைக்காரர்களை ஒரே கூண்டுக்குள் விட்டார்கள். எடைப் பிரிவு கிடையாது. ஜெயித்தது ஹாய்ஸ் கிரேசி, ஆள் ஒல்லி. ஒரே இரவில் மூன்று பேரைத் தரையில் கிடத்தித் தோற்கடித்தார். அவர் செய்தது பிரேசிலிய ஜியு-ஜிட்சு. கட்டிப் பிடிக்கத் தெரியாதவன் கட்டிப் பிடிப்பவனிடம் மாட்டினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு உலகமே பார்த்தது.

ஆனால் இதை வைத்து "நம்ம கலையில் பிடியே இல்லை" என்று முடிவு கட்டுவது தப்பு. அடிமுறையில் பூட்டு இருக்கிறது, அதிலிருந்து விடுபடும் பிரிவு இருக்கிறது. குங்ஃபூவிலும் இதே கதைதான். மூட்டைப் பூட்டுவதற்குச் சின்னா, ஆளை வீசுவதற்கு ஷுவாய் ஜியாவ் என்று சீனர்களிடம் பழங்காலத்திலிருந்தே உண்டு. இன்னும் பின்னால் போனால் புறநானூற்றின் 80-ஆம் பாட்டு இருக்கிறது. சோழன் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை அடக்கியதைச் சாத்தந்தையார் பாடியது. ராஜாவின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் முயற்சியைத் தடுக்கிறது. இன்றைக்கு ஜியு-ஜிட்சு வகுப்பில் ஏறக்குறைய இப்படி ஒரு பிடியைச் சொல்லித் தருகிறார்கள், அதற்கு மாதக் கட்டணமும் வாங்குகிறார்கள்!

அப்படியென்றால் ஜூடோவில் புதிதாக என்னதான் கிடைக்கும்? முழு பலத்தோடு எதிர்க்கும் ஆள் கிடைப்பான்.

அடிமுறையின் உச்சம் வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது வழக்கமான கணக்கு. அதை நண்பன் மேல் முழு வேகத்தில் அடித்துப் பழக முடியாது. நியாயமான ஆசான் யாரும் விடவும் மாட்டார். பூட்டும் அப்படித்தான். எதிராளி கையை நீட்டுவான், இவன் மடக்குவான், அவன் அடங்கிவிடுவான். நிஜத்தில் எவனும் கையை நீட்டிக்கொண்டு நிற்க மாட்டானே... 1882-ல் டோக்கியோவில் கோடோகானை ஆரம்பித்த ஜிகோரோ கானோ இந்தச் சிக்கலைத்தான் பிடித்தார். பழைய ஜுஜுட்சுவில் ஆளை முடமாக்கும் அடிகளைத் தாராளப் பயிற்சியிலிருந்து ஒதுக்கினார். மிச்சத்தை இரண்டு பேரும் முழு பலத்தோடு செய்து பார்க்கலாம் என்றார். வலித்தால் கையால் தட்ட வேண்டும், தட்டினால் உடனே விட வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டால் பையன் ஒரே வகுப்பில் பத்துத் தடவை தோற்கலாம், மறுநாள் காலேஜுக்கும் போகலாம்.

தோற்றுப் பார்க்காத பையன்தான் ஆபத்தானவன். ஆறு மாதம் சுவடு வைத்துவிட்டு, வர்மம் பற்றிக் கதை கேட்டுவிட்டு, திருவிழாக் கூட்டத்தில் வம்புக்குப் போகிறவனுக்கு அடுத்தவன் பலம் என்ன என்றே தெரியாது.

ஆசான் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அடிமுறையில் நிமிர்ந்து, நகர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களை மனதில் வைத்து நிற்கப் பழக்குகிறார்கள். குஸ்தியில் குனிந்து எதிராளியோடு ஒட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே இரண்டும் கலந்தால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான். புரூஸ் லீயைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. 'என்டர் தி டிராகன்' முதல் சண்டையையே பூட்டுப் போட்டுத்தான் முடிப்பார். ஆனால் அவர் ஹாங்காங்கில் இப் மேன் பள்ளியில் விங் சுன் படித்துவிட்டுத்தான் அமெரிக்காவில் ஜீன் லெபெல் போன்ற ஜூடோக்காரர்களோடு பழகினார். அடி முதலில், பிடி பிறகு.

இருந்தாலும் அதற்காக வருஷக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது சரியில்லை. முதல் மூன்று நான்கு மாதம் சுவடு மட்டும். ஒற்றைச் சுவடு காலில் ஊறின பிறகு வாரம் இரண்டு நாள் ஜூடோ போதும். பெல்ட் வாங்கும் ஆசை வேண்டாம். அடிபடாமல் விழுவது, பிடித்த பிடியை உதறுவது, கீழே விழுந்தால் உடனே எழுந்திருப்பது, இவை மூன்றும் வந்தால் போதும். ரோட்டில் தரையிலேயே கிடந்து சண்டை போடுவது முட்டாள்தனம். கீழே தார் இருக்கும், கல் இருக்கும், எதிராளியின் சேக்காளி பக்கத்திலேயே நிற்பான். அந்த விஷயத்தில் அடிமுறைதான் சரி.

"ஒன்றைத் தேர்ந்தெடு" என்று கறாராகச் சொன்னால் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கூண்டும் கையுறையும் இருக்கும் இடத்தைத்தான். வர்மம் கடைசியில், ஆசானுக்கு நம்பிக்கை வந்த பிறகு சொல்லித் தருவது. கடைசி வரை நிற்க ஆள் இல்லாவிட்டால் அது அவரோடு போய்விடும். ஜூடோவுக்கும் போய்க்கொண்டே முற்றத்துக்கும் வருகிற பையன், வராமலே போகிறவனை விட எவ்வளவோ மேல்.

ஆசானிடம் சொல்லாமல் மட்டும் போக வேண்டாம். ஜூடோவில் வாங்கிய பிடியை அவர் முன்னால் செய்து காட்டி, இதற்குப் பிரிவு என்ன என்று கேட்கலாம். அதோடு, முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டுத் தடவிக் கட்டுப்போட எப்படியும் அவரிடம்தானே போயாக வேண்டும்!