எறையூரில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி

'எங்க தாத்தா காலத்து டபுள் பேரல் துப்பாக்கியில் ஒரு குழல் வீங்கியிருக்கிறது. சரிசெய்ய முடியுமா? மக்காச்சோளத்தில் பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை' என்று எறையூரிலிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருந்தார். அதை ஆசிரியர் எனக்கு அனுப்பி வைத்தார். நான் படித்தது வேளாண்மை. ஆனால், எங்கள் வீட்டிலும் அப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ஒரு துப்பாக்கி இருந்தது. அதனால், எழுதிப் பதில் சொல்வதைவிட நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன்.

பெரம்பலூரைத் தாண்டி, சென்னை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ரஞ்சன்குடி கோட்டை தெரியும். 1751-ம் ஆண்டில் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆளுக்கொரு நவாபுக்காக மோதிக்கொண்ட பகுதி இது. துப்பாக்கி மருந்து வாசனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

எறையூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலைதான். பொதுத்துறை ஆலை. 1970-களின் கடைசியிலிருந்து இந்தச் சுற்று வட்டாரக் கரும்பை அரைத்து வருகிறது. இப்போது சிப்காட் தொழிற்பூங்காவும், காலணித் தொழிற்சாலையும் வந்துவிட்டன. ஆனாலும் ஊரைச் சுற்றி மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிழைப்பு. 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைப் புரட்டிப் போட்டது. அதிலிருந்து எழுந்து நிற்பதற்குள் பன்றி.

வாசகர் காட்டுக்குள் கூட்டிப் போனார். கதிர் பால் பிடித்திருந்த நேரம். சுமார் 30 சென்ட் அளவுக்குத் தட்டைகள் சாய்ந்து கிடந்தன. "ஒரே ராத்திரி சார். மறுநாள் காலையில வந்து பார்த்தா இப்படி" என்றார். பிறகு மோட்டார் கொட்டகையிலிருந்து, சாக்கில் சுற்றிய துப்பாக்கியை எடுத்து வந்தார்.

முதல் வேலையாக அதை மடக்கித் திறக்கச் சொன்னேன். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை. அதன் பிறகுதான் கையில் வாங்கினேன். இங்கிலாந்தில் செய்த 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால், ஓர் உருண்டையின் விட்டம்தான் குழலின் உள்விட்டம். சுமார் 18.5 மில்லிமீட்டர். 12 போர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இடது குழலில், வாய்ப் பகுதியிலிருந்து நாலு விரற்கடை உள்ளே மோதிரம் போட்டதுபோல ஒரு வீக்கம். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், அந்த இடத்தில் நிழல் வட்டமாக விழுந்தது. உள்ளே அடைப்பு இருக்கும்போது சுட்டால் இப்படித்தான் ஆகும். சேறு, துணி, குளவி கட்டிய மண் கூடு, எதுவாகவும் இருக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், குளவிக் கூட்டைக் கவனிக்காமல் சுட்ட விவசாயி ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல் போனது. குழலைப் பிடித்திருந்த கை. அவர் களைக்கொத்தைப் பிடிக்கப் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"லேத் பட்டறையில விசாரிச்சேன் சார். வீங்கின இடத்தோட வெட்டி எடுத்துட்டா சரியாப் போயிடும்னு சொல்றாங்க. தோட்டா அப்பா வாங்கி வெச்சது ஒரு டப்பா இருக்கு. ஞாயித்துக்கிழமை வெட்டிட்டு வந்து சுட்டுப் பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார். எனக்குப் பகீரென்றது.

அப்போது பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். நரிக்குறவர் சமூகத்துப் பெரியவர். எறையூர்ப் பக்கம் நரிக்குறவர்கள் பல வருடங்களாக விவசாயம் செய்கிறார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. வாய்வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி அவர்களின் முன்னோர்களுக்குக் கைக்கருவி. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையை நிறுத்தியது.

அவர் குழலை மட்டும் கழற்றச் சொன்னார். கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டினார். மணிபோல் ஒலிக்க வேண்டிய குழல், உடைந்த பானைபோல் 'டொக்' என்றது. "ரெண்டு குழலையும் ஒட்டின பத்தவைப்பு விட்டுருச்சு சாமி. இத சுடாத" என்றார். சோதனை சரிதான். இரட்டைக் குழலில் இரண்டு குழாய்களையும் நடுவிலுள்ள பட்டையையும் ஈயப்பற்று வைத்து இணைத்திருப்பார்கள். பற்று விட்டால் ஒலி மங்கும்.

குழலின் மேல் பழுப்பும் வெள்ளையுமாகச் சுருள் சுருளாக வரிகள் தெரிந்தன. இதை டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, கம்பியைச் சுற்றுவதுபோலச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. கருமருந்து காலத்துக்கு ஏற்ற வேலை. இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதன் அழுத்தம் வேறு. நூறு வருடத் துரு அந்த ஒட்டுகளுக்குள் இறங்கியிருந்தால் வெளியே தெரியாது. பல பழைய துப்பாக்கிகளில் தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம். இப்போதைய தோட்டா இரண்டே முக்கால் அங்குலம். உள்ளே நுழைந்துவிடும்; சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். வலது குழல் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று அதில் சுட்டிருந்தாலும் ஆபத்துதான்.

"சரி சார், லைசென்ஸ் புக்கைக் கொண்டு வர்றேன்" என்று எடுத்து வந்தார். அவர் அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்து எட்டு மாதமாகிறது.

அங்கேதான் உண்மையான பழுது இருந்தது. உரிமம் ஆளுக்குத்தான். அவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதுவரை வீட்டில் வைத்திருப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். உரிமமில்லாத பட்டறையில் பழுது பார்ப்பதும், குழலை வெட்டிக் குட்டையாக்குவதும், நம்பரை அழிப்பதும் தனித்தனிக் குற்றங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை லேத் பட்டறைக்குப் போயிருந்தால், கை தப்பினாலும் ஜெயில் தப்பியிருக்காது.

முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. "நான் கூட வர்றேன், வாங்க" என்றேன். அன்று மதியமே துப்பாக்கி, தோட்டா, உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் நாலையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனோம். ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகுதான் அவர் தண்ணீரே குடித்தார்.

குழலை மாற்றவே முடியாதா? திருச்சியில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னதன் சுருக்கம் இது. சின்ன நசுங்கலை உள்ளே உருளை கொடுத்து எடுத்துவிடலாம். மேலோட்டமான துருக்குழியைத் தேய்த்து நீக்கலாம். ஆனால், தேய்க்கத் தேய்க்கக் குழலின் சுவர் மெலியும், அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும். வீங்கிய குழலில் உலோகம் ஏற்கெனவே இழுபட்டுப்போய்விட்டது. அடித்துச் சமப்படுத்தினாலும் பழைய பலம் வராது. இங்கிலாந்தில் அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பகுதியை வெட்டிவிட்டு, புது எஃகுக் குழாய்களைச் செருகுவார்கள். அதற்கு 'சிலீவிங்' என்று பெயர். பிறகு லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். பர்மிங்காம் சாலை 1813-லிருந்து இருக்கிறது. முத்திரை இல்லாத குழலை அங்கே விற்கவே முடியாது. "இந்தத் துப்பாக்கிக்கு அவ்வளவு செலவு செய்யறதுக்கு, உரிமம் வந்ததும் நம்ம நாட்டுல செஞ்ச புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார் அவர்.

சரி, புதிய துப்பாக்கி வந்தால் பன்றியைச் சுடலாமா? முடியாது. துப்பாக்கி உரிமம் வேறு, வனஉயிரினச் சட்டம் வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ-க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர்தான். விவசாயி செய்ய வேண்டியது சேதத்தைப் படம் எடுத்து, வனத்துறைக்கு மனு கொடுப்பது.

அந்த வாசகர் மனு கொடுத்துவிட்டார். சூரியசக்தி வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் பதிந்திருக்கிறார். அடுத்த பட்டத்தில் வரப்போரம் நெருக்கமாக ஆமணக்கு விதைக்கச் சொல்லியிருக்கிறேன். பன்றிக்கு அது பிடிக்காது. வீட்டு மின்சாரத்தை வேலியில் விடாதீர்கள் என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

போன வாரம் போன் செய்தார். "தாத்தா கைபட்டது சார், ஸ்டேஷன்ல கிடக்கே" என்று வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்தான். "ஏர் பிடிக்கிற உங்க கையும் தாத்தா கொடுத்ததுதானே" என்றேன். சிரித்தார். வாரிசு உரிமத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாராம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், முதலில் உரிமப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். குழலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.