முகமாற்றமும் நம் பார்வையும்

நாய் கடித்து மூக்கும் உதடுகளும் இழந்த இசபெல் தினுவார் என்னும் பெண்மணிக்கு, 2005ஆம் ஆண்டு பிரான்சில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் முகப்பகுதி பொருத்தப்பட்டது. உலகின் முதல் முகமாற்றுச் சிகிச்சை அதுவே. உண்ணவும் பேசவும் அவருக்கு மீண்டும் இயன்றது. ஆயினும், புதிய முகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை. புற்றுநோய்க்கும் ஆளான அவர், 2016இல் தமது 49ஆம் வயதில் மரணமடைந்தார்.

இறந்தவரின் உறுப்பைப் பெறுவதற்கு, 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஓர் அளவுகோல் தந்தது. பெறுபவரின் உயிரோ, உடலின் அடிப்படைச் செயலோ அவ்வுறுப்பைச் சார்ந்திருக்க வேண்டும். இறந்தவரோ வாரிசுகளோ இசைந்திருக்க வேண்டும். உண்ணவும் பேசவும் இயலாதவர் இவ்வளவுகோலுக்குள் வரக்கூடும்.

எங்கள் இராயபுரத்தில், ஸ்டவ் வெடித்து முகம் கருகிய சகோதரி ஒருவர் இருக்கிறார். உண்கிறார், பேசுகிறார், குர்ஆன் ஓதுகிறார். கல்யாணப் பந்தியில் அமர மட்டும் அவரால் இயலவில்லை. எதிரே இருப்போர் எழுந்து போய்விடுகின்றனர். இக்குறை அவர் முகத்திலா இருக்கிறது? இதனைத் தீர்க்க அவர் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? சிந்தியுங்கள். இத்தகைய சகோதரி உங்கள் தெருவிலும் இருப்பார். அடுத்த நிக்காஹ் விருந்தில் அவர் அருகே நீங்கள் அமருங்கள். உங்கள் பிள்ளைகளையும் அமர்த்துங்கள்.