வேலியும் பொட்டும்

தம்பிக்குக் காய்ச்சல் விட்ட அண்டைக்கு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். உண்மையில் பயப்பட வேண்டிய நாள் அதுதான் எண்டு எங்களுக்குத் தெரியாது.

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த காலம். தம்பிக்கு அப்போது 11 வயது. நாலு நாள் காய்ச்சல், டெங்கு என்று உறுதியாகி வோர்ட்டில் நிப்பாட்டியிருந்தார்கள். ஐந்தாம் நாள் காலமை தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது. அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்திருந்த தேங்காயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டா. நான் அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பகிடிக்கு என்னை 'டொக்ரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில் நான்தான் சொன்னேன்: "காய்ச்சல் விட்டிட்டுதுதானே அம்மா, கேட்டுப் பாத்துத் துண்டு வெட்டிக்கொண்டு வீட்ட போவம்."

பக்கத்தில் நின்ற நேர்ஸ் அக்கா திரும்பிப் பார்த்தா. "இனித்தான் தம்பி கவனமாப் பாக்கோணும்" என்றா.

அதற்குப் பிறகு சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். குடிக்கிறதையும் சலம் போறதையும் மில்லிலீற்றர் கணக்கில் எழுதச் சொன்னார்கள். சிவப்பு நிறத்தில் ஒன்றும் குடிக்கக் குடுக்க வேண்டாம் என்றார்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா சாயமா என்று தெரியாமல் போய்விடுமாம். தம்பி நெக்டோ கேட்டு அழுதான்.

வந்து போன சொந்தக்காரர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "பிளேட்லெட் எத்தினை?" மாமி போத்தலில் பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்தா. ஆனால் டொக்ரரின் கண் போனது வேறொரு இலக்கத்துக்கு. இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் இலக்கம் அது. முதல் நாள் 38 ஆக இருந்தது, அண்டைக்குப் பின்னேரம் 47. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. இரத்தம் கூடியிருக்குது போல!

கூடவில்லை. குருதியின் திரவப்பகுதி கலன்களை விட்டு வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. செங்குழியங்கள் உள்ளுக்கே நிண்டுவிட, மிச்சம் தடித்துப்போனது. 20 சதவீதமளவுக்கு அந்த இலக்கம் ஏறினால் ஒழுக்கு நடக்கிறது என்பதற்கு அது பெரிய அடையாளம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தை ஒட்டித்தான் இது பெரும்பாலும் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அந்த நேரத்தில் நான் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஒழுகுது? வைரஸ் கலன்களைக் கடித்து ஓட்டை போடுது எண்டுதான் நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பசுக்கு வந்து இரண்டாம் வருடம் குழியவன்கூடு பற்றிய பாடத்தில் இருந்தபோதுதான் அந்த வோர்ட் திரும்ப ஞாபகம் வந்தது.

குழியவன்கூடு என்பதை உயர்தரத்தில் நான் பாடமாக்கியிருந்தேன்: 'கலத்துக்கு வடிவத்தையும் ஆதாரத்தையும் கொடுக்கும் புரத இழைகளின் வலையமைப்பு.' புள்ளிக்கு அது போதும். ஆனால் 'கூடு' என்ற சொல் ஆளை ஏமாற்றும். அசையாமல் நிற்கிற ஒன்றைத்தான் நினைக்க வைக்கும். இதுவோ ஓயாமல் கட்டப்பட்டும் அவிழ்ந்தும் கொண்டிருக்கிற ஒன்று.

எங்கட ஊர் வேலியை நினைத்துப் பாருங்கோ. மதில் இல்லை, கிளுவைக் கதியால் வேலி. ஒவ்வொரு கதியாலும் உயிரோடு நிற்கிறது. ஒன்றையொன்று சேர்த்து வரிந்து கட்டியிருப்பதால்தான் அது வேலி. குருதிக்கலனின் உட்சுவரும் அப்படித்தான். அகவணிக் கலங்கள் ஒரே ஒரு படையாக, விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கின்றன. ஒரு கலத்தை அடுத்ததோடு பிணைக்கிற முடிச்சு, கட்ஹெரின் என்ற புரதம். அந்த முடிச்சு கலத்துக்கு உள்ளே அக்தின் இழைகளோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. அக்தின் கலத்தின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஓடும்போது கட்டு இறுகி நிற்கும். அதே அக்தின் கலத்துக்குக் குறுக்கே தடித்த கயிறுகளாகத் திரண்டு, மயோசின் அதைப் பிடித்து இழுத்தால், கலம் உள்ளுக்குச் சுருங்கும். முடிச்சு தளரும். இரண்டு கலங்களுக்கு இடையே நீக்கல் விழும். தசை சுருங்கும்போது வேலை செய்கிற அதே சோடிதான் அக்தினும் மயோசினும்.

இதைக் கண்ணால் காட்டியது 1961இல் கைடோ மாய்னோவும் ஜோர்ஜ் பலாடேயும் செய்த ஆய்வு. எலிக்கு ஹிஸ்டமின் கொடுத்து, இரத்தத்தில் கரிய நுண்துணிக்கைகளைக் கலந்துவிட்டு, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒழுகியது மயிர்த்துளைக் குழாய்களில் அல்ல, அவற்றுக்கு அடுத்து வருகிற சிறுநாளங்களில். அதுவும் கலத்துக்கு ஊடாக அல்ல, கலங்களுக்கு இடையால். 1969இல் மாய்னோ குழுவினர் இன்னொன்றையும் கவனித்தார்கள். அந்தக் கலங்களின் கருக்கள் கசங்கிச் சுருங்கியிருந்தன. கலம் தானே சுருங்குகிறது என்பதற்கு அதை ஆதாரமாக வைத்தார்கள்.

இழுக்கச் சொல்கிற சமிக்ஞையும் இருக்கிறது, இறுக்கிப் பிடி என்கிற சமிக்ஞையும் இருக்கிறது. றோ என்ற சிறு புரதம் மயோசினின் இழுவையைக் கூட்டும். றக் என்ற இன்னொன்று விளிம்பு வளையத்தைப் பலப்படுத்தும். இரண்டும் எந்நேரமும் இழுபறியில்தான். நுளம்பு கடித்த இடம் தடிக்கிறதே, அதுவும் ஹிஸ்டமின் திறந்துவிட்ட ஒரு சின்ன ஒழுக்குத்தான். டெங்குவில் இது உடம்பு முழுக்க நடக்கிறது. வைரஸின் என்எஸ்1 என்ற புரதம் அகவணிக்கு மேலே இருக்கிற சர்க்கரைப் போர்வையைக் கரைக்கிறது. எங்கட நிர்ப்பீடனக் கலங்கள் சொரிகிற இரசாயனங்களும் சேர்ந்து கட்டைத் தளர்த்துகின்றன. புரதம் வெளியே போகிறது, தண்ணி பின்னால போகிறது, நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது.

அப்படியெண்டால் ஒரு நீக்கலும் இல்லாத வேலிதான் நல்லதா? ஊர் வேலியில் பொட்டு வைப்பது சும்மா இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி நெருப்புக்கும் கறிக்கும் வந்து போனது அதுக்குள்ளாலதான். காயம் பட்ட இடத்துக்கு வெண்குழியம் போகவேணும், பிறபொருளெதிரிகள் போகவேணும். பொட்டு தேவை. அதைத் திறக்கவும் தெரியவேணும், பிறகு அடைக்கவும் தெரியவேணும்.

இந்த ஒழுக்கை நேரடியாக நிப்பாட்டுகிற மருந்து அந்த வோர்ட்டில் இருக்கவில்லை. இருந்தது கணக்கு மட்டும்தான். சேலைன் குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். கூடினால், ஒழுக்கு நின்று வெளியே போன திரவம் திரும்ப உள்ளே வரும்போது நுரையீரல் தாங்காது. இரண்டு இரவு அந்த நேர்ஸ் அக்காவும் அவவுக்குப் பிறகு வந்தவர்களும் அந்த இடைவெளிக்குள்ளதான் தம்பியைக் கொண்டுபோனார்கள். நான் போத்தலைப் பிடித்து சலத்தை அளந்து துண்டில் எழுதினேன். நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் அவன் பசிக்குது என்றான். இலக்கம் 39க்கு வந்திருந்தது. கலங்கள் சாகவில்லை, சுவர் இடியவில்லை. தளர்ந்த கட்டு திரும்ப இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். அதுக்குள்ள இரத்தம் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும், மிச்சத்தை உடம்பு செய்யும்.

இந்த மாரியிலும் ஆராவது "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று சொல்லுவினம். காய்ச்சல் விட்டபிறகு வயிற்று நோ, விடாத சத்தி, கைகால் குளிர்வு, சலம் குறைவு, கடும் சோர்வு இருந்தால் வீட்டை வச்சிருக்காதேங்கோ. பிளேட்லெட்டை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்காதேங்கோ. தம்பி இப்ப என்னை விட உயரம். 'டொக்ரர்' எண்டு அவன்தான் இன்னும் கூப்பிடுறான். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தக் காலமை ஞாபகம் வரும்.