கடை திறக்கும் முன்பே போ

தம்பி, வேலையை விட்டுவிட்டுத் தனியாக எழுதப் போகிறேன் என்கிறாய். ஊர், சாப்பாடு, கச்சேரி, கடைத்தெரு இவைதான் உன் விஷயம். நல்லது. பத்திரிகை ஆபீஸில் இருப்பவனுக்குச் சம்பளம் உண்டு, அடையாள அட்டை உண்டு. சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டிய நெருக்கடியும் உண்டு. உனக்கு இந்த மூன்றும் இல்லை. ஒரு கடை வாசலில் அரை நாள் உட்கார உன்னால் முடியும். உன் முதல் அதுதான்.

பாரிமுனையில் செகண்ட் லைன் பீச்சுக்குப் போ. அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட எல்லாரும் சாயங்காலம் போவார்கள், படம் எடுப்பார்கள். நீ வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பே போய் நில். முட்டைக்கோஸை நூல் நூலாகச் சீவுவதைப் பார். வாழைத்தண்டு சூப் கொதி வரட்டும். முதல் தட்டுக்கு நூடுல்ஸில் வறுத்த வெங்காயம் போட்டு, மொறுமொறு பேஜோவை நொறுக்கி, புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைவார்கள், அதையும் பார். கூட்டம் இல்லாத நேரத்தில் கடைக்காரர் தானாகப் பேசுவார்.

1962-இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அத்தோவும் அவர்களோடு வந்தது. இவ்வளவும் புத்தகத்திலேயே கிடைக்கும். எதைக் கையில் எடுத்துவர விட்டார்கள், எதைப் பிடுங்கிக்கொண்டார்கள், மெட்ராஸில் இறங்கிய முதல் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்பதை அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். கப்பலில் வந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. தள்ளிப்போடாதே.

சாப்பிட்டதற்குக் காசு கொடு. "வேணாம் சார், எழுதப்போறீங்களே" என்பார், கொடுத்துவிட்டே வா. கடை இருக்கும் இடத்தைப் போடலாமா என்றும் கேள். நடைபாதைக் கடைக்குத் திடீர்க் கூட்டம் சேர்ந்தால் பின்னாலேயே போலீஸும் வரலாம். அந்தத் தொல்லை அவருக்குத்தான், உனக்கு இல்லை.

பணத்தைப் பேசக் கூசாதே. எவ்வளவு, எப்போது என்பதை எழுத உட்காரும் முன்பே மெயிலில் வாங்கிவிடு. 10% டி.டி.எஸ். பிடித்தால் பதறாதே; உன் வரி அதைவிடக் குறைவு என்றால், ரிட்டர்ன் போட்டதும் மிச்சம் திரும்பி வரும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளாக இல்லாமல் வெளியிலிருந்து எழுதும் கட்டுரையின் உரிமை எழுதியவனுக்கே. நீ எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் அது போகும். (அவர்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்குக் கணக்கு வேறு.) ஆகவே ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நாளைக்கு இவற்றைச் சேர்த்துப் புத்தகமாகப் போடும்போது யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியைக் கடைக்காரர் கையில் கொடு. பெயரோ ஊரோ தப்பாயிருந்தால் அவர்தான் சொல்வார். அடுத்து நீ யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் அவரே காட்டிவிடுவார்.